நெடுந்தீவுக்குப் போன பேச்சு

வெளிநாட்டுக்குக் கள ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கென்று எங்கள் துறையில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வைத்திருந்தார்கள். அதில் மொழியைப் பற்றிய பகுதிதான் நீளமானது. மொழிபெயர்ப்பாளரை எப்படித் தேர்வது, அவர் சொல்வதை எப்படிச் சரிபார்ப்பது, அவர் வராத நாளில் என்ன செய்வது என்றெல்லாம் விரித்துச் சொல்லியிருந்தது. "இந்தப் பக்கங்களை நீ தள்ளிவிடலாம்" என்றார் என் நெறியாளர். எனக்கும் அது சரியென்றே பட்டது. நான் போகவிருந்தது யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு. அங்கே வழங்குவது தமிழ். நானோ காவிரிப் பக்கத்தில் பிறந்து, ஒற்று மிகும் இடம் பிசகினால் முகம் சுளிக்கும் ஆசிரியர்களிடம் தமிழ் கற்றவள். ஆகவே அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டு, கடற்பயணத்தில் குமட்டல் வந்தால் என்ன செய்வது என்ற பகுதியை மட்டும் கவனமாகப் படித்துக்கொண்டு புறப்பட்டேன்.

ஆய்வுப் பொருள் எளிமையானது. தீவுகளில் வாழும் பெண்கள் பிள்ளைப்பேற்றுக்காகக் கடல் கடந்து கரைக்கு வர நேர்கிறது. எப்போது புறப்படுகிறார்கள், யார் துணைக்கு வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். செய்யத் தொடங்கியபோதுதான் அந்த எளிமை எங்கோ போய் ஒளிந்துகொண்டது. ஒலிப்பதிவுக் கருவியைப் பொறுத்தவரை அந்தத் தீவுகளில் காற்று ஒன்றுதான் ஓயாமல் குரல் கொடுத்தது. தனியாக ஒருத்தியோடு உட்கார வேண்டும் என்பது விதி; நான் உட்கார்ந்த சற்று நேரத்தில் அயல் வீட்டுப் பெண்கள் இருவர் மூவர் முருங்கைக்காயோ பிள்ளையோ ஏதேனும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவார்கள். கேள்வி மனைவிக்கு, விடை கணவரிடமிருந்து. நயினாதீவில் கோயிற் பூசகர் குடும்பத்துப் பெண் ஒருவர் மணியோசை கேட்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்தே சொல்லை எடுப்பார். கடைசிப் படகுக்கும் அவருடைய கடைசி வாக்கியத்துக்கும் இடையில் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

பிறகு அந்த ஒப்புதல் படிவம். நேர்காணலுக்கு முன் அதை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். எங்கள் துறையினர் தந்த தமிழாக்கம் எனக்குப் பொறுக்கவில்லை என்பதால் நானே அதைத் திருத்தி, நல்ல நடையில் எழுதி வைத்திருந்தேன். "தங்களோடு உரையாட விழைகிறேன்" என்று தொடங்கும். சரவணை என்ற ஊரில் ஒரு பெண் அதை மிகப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளை, செய்தி வாசிச்சு முடிஞ்சுதோ? இனிக் கதைப்பமோ?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்றும் அந்த ஒலிப்பதிவில் இருக்கிறது. எப்போதாவது மனம் சோர்ந்தால் அதைப் போட்டுக் கேட்பதுண்டு.

நான் தங்கியிருந்தது ஊர்காவற்றுறையில், கடல்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் வீட்டில். வீட்டுக்காரப் பெண்மணியை அக்கா என்றும் அவர் கணவரை அண்ணை என்றும் அழைத்தேன். எனக்கு ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கதிரை. நாற்காலியைக் கதிரை என்றும் அடுக்களையைக் குசினி என்றும் சொல்வது முதலில் என் காதைக் குத்தியது. சில வாரங்களில் நானே "குசினிக்குள்ள வரலாமா அக்கா?" என்று கேட்கத் தொடங்கினேன். ஆனால் 'நீர்' என்று அவர்கள் என்னை அழைத்தது முதல் நாளிலிருந்தே பிடித்திருந்தது. ஏட்டில் மட்டும் நான் கண்டிருந்த அந்தச் சொல்லை வாயில் வைத்துப் புழங்கும் மனிதர்கள் நடுவே வாழ்கிறோம் என்ற மகிழ்ச்சி.

அண்ணைக்கு என்னைச் சீண்டாமல் சாப்பாடு இறங்காது. "உங்கட ஊர்ப் பெரிய படகுகள் வந்து எங்கட வலையை அறுத்துக்கொண்டு போகுது. நீர் வந்து எங்கட கதையை அறுத்துக்கொண்டு போறீர். இந்தியாக்காரருக்கு இஞ்ச வேற வேலை இல்லைப் போல" என்பார். அக்கா, "அவ கதையைத்தான் கொண்டுபோறா. வலையில ஓட்டை விழுந்தது நீங்கள் நித்திரை கொண்டதால" என்பார். அக்கா எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாதவர். காலையில் கோயிலிலிருந்து வரும்போதே வாசலில் தொடங்கும் அவர் குரல் இரவு விளக்கணைக்கும்வரை வீட்டுக்குள் உலவிக்கொண்டிருக்கும். ஆய்வு முடிந்து ஊர் திரும்பிய புதிதில், என் அறையின் அமைதியில் எனக்கு உறக்கம் வரவில்லை.

அக்காவின் ஒரே மகள் நெடுந்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு பிள்ளை, இரண்டாவதற்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாரியும் நெருங்கிக்கொண்டிருந்தது. வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால் நெடுந்தீவுப் படகுகள் ஓடும் நாளும் ஓடாத நாளும் எவர் கையிலும் இல்லை. அதற்கு முன் மகள் கடலைக் கடந்து தாய்வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அவள் வர மறுத்தாள். தொலைபேசியில் அழைத்தால் மருமகன் எடுத்து, "படுத்திருக்கிறா மாமி" என்பார். ஒரு வாரமாக அவள் படுத்தே இருந்தாள்.

"நீர் நெடுந்தீவுக்கு அடுத்த கிழமை போறனீர்தானே? நாளைக்கே போம்" என்றார் அக்கா. "அவளையும் உம்மட மிசினுக்கு முன்னால இருத்தும். எனக்குச் சொல்லமாட்டாள். மிசினுக்குச் சொல்லுவாள். ஏன் வரமாட்டனெண்டு நிக்கிறாள் எண்டு கேட்டுக்கொண்டு வாரும்."

"அக்கா, நேர்காணலில் சொல்வதை நான் பிறரிடம் சொல்லக் கூடாது. படிவத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

"அது மற்ற ஆக்களுக்கு."

மறுநாள் காலைப் பேருந்தில் குறிகட்டுவானுக்குப் போய்ப் படகேறினேன். அக்கா கொடுத்துவிட்ட பொதியில் மீன் வறுவலும் குழந்தைச் சட்டைகளும் இருந்தன. படகு நெடுந்தீவை அணைவதற்குள் வழிகாட்டிக் குறிப்பில் நான் படித்த அந்த ஒரே பகுதி நன்றாகப் பயன்பட்டது.

பவளக் கற்களை அடுக்கிய வேலிக்குப் பின்னால் மகளின் வீடு. என் வயதுதான் அவளுக்கும். பொதியைத் திறந்து சட்டைகளைப் பார்த்தாள், முகர்ந்தாள், மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். மாமியார் கடைக்குப் போயிருந்தார். அயலாரும் வரவில்லை. அதுவரை எனக்கு வாய்த்தவற்றுள் விதிப்படி அமைந்த ஒரே நேர்காணல் அதுவாகத்தான் இருக்கும்.

முதற் பிள்ளைக்கு எப்போது கரைக்குப் போனாள் என்று கேட்டேன்.

"வயித்து நோ தொடங்கினாப் பிறகுதான் போனனான். இஞ்ச மாமியோட இருப்பம் எண்டு இருந்திட்டன். பிறகு அவசரமாப் படகில ஏத்திக்கொண்டு போச்சினம். கடலெண்டாக் கடல். முழுக்க நனைஞ்சு போய்த்தான் இறங்கினனான்."

"கரையில் யார் இருந்தார்கள்?"

"அம்மா வந்து நிண்டவா. பிள்ளை பிறந்து அடுத்த நாள், ஆசுப்பத்திரி வாட்டில, எல்லாருக்கும் முன்னால, மாமிக்கும் முன்னால அம்மா என்னைப் பேசினவா. பக்கத்துக் கட்டில்காரி எழும்பி இருந்து பார்த்தவ. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கிடந்தனான்."

'என்னோடு' என்று வர வேண்டிய இடத்தில் 'என்னை' என்று வருவதை என் செவி உடனே பிடித்துக்கொண்டது. மூன்றாம் வேற்றுமைக்குரிய இடத்தில் இரண்டாம் வேற்றுமை, உருபு மயக்கம். தீவு வழக்கின் நுட்பம் ஒன்றைக் கண்டுகொண்டேன் என்ற பெருமிதத்தோடு அவளைத் தொடரச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பியது பேற்றுக் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

"இந்த முறையும் போனா அம்மா பேசுவா. ஏன் முந்தியே வரேல்லை எண்டு தொடங்குவா. ஒருக்காத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாது. உங்களுக்குத் தெரியும்தானே. அதுதான் எனக்குப் போக மனமில்லை."

அக்காவின் ஓயாத குரலை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டும் போலிருந்தது. "அம்மா பேசினால் நல்லதுதானே?" என்றேன். "இந்த நேரத்தில் உங்களுக்கு அது வேண்டும். எவ்வளவு பேசுகிறாரோ அவ்வளவும் அன்புதான்."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை.

"நீரும் அவவின்ர ஆள்தான்" என்றாள். அதுவரை 'நீங்கள்' என்றிருந்தது அங்கே 'நீர்' ஆயிற்று. "மிசினை நிப்பாட்டும். பிள்ளைக்குச் சோறு தீத்த வேணும்."

திரும்பும் படகில் கருவியைக் காதில் வைத்து அந்தக் கடைசி வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கே தடுக்கினேன் என்று விளங்கவில்லை. இயந்திரத்தின் இரைச்சலும் காற்றும் பதிவின் காற்றும் ஒன்றாகக் கலந்து போயின.

அக்கா பேருந்து நிற்குமிடத்துக்கே வந்து காத்திருந்தார். "என்ன சொன்னவள்?"

"சொல்லக் கூடாது அக்கா."

"பெத்தவளுக்குமோ?"

நான் வீட்டை நோக்கி நடந்தேன். அவரும் கூடவே வந்தார். பிறகு, "சரி, சொல்லாதையும். கால் வீங்கியிருக்கோ? அதையாவது சொல்லும். அது மிசினுக்குச் சொன்னதில்லைத்தானே?" என்றார்.

"சிறிது வீங்கியிருக்கிறது."

"பார்த்தீரோ, பார்த்தீரோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் நுழைந்தும் அதையே சொன்னார். அண்ணை, "விடு. அவ சத்தியம் செய்து போட்டெல்லோ வந்திருக்கிறா" என்றதும் அவர் மேலும் பாய்ந்தார்.

மறுநாள் காலை வானம் வெளிறிக் கிடந்தது. கடலிலிருந்து வந்த அண்ணை, இன்றைக்கு ஓடினால் ஓடும், நாளை முதல் படகு ஓடுமோ தெரியாது என்றார். அக்கா அதைக் கேட்டும் கேளாதவர்போலக் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் சொன்னதைச் சொல்லாமல், அவர்களுக்குள் என்ன நடந்ததென்று அக்கா வாயால் அறிந்துகொள்ளலாமே என்று எனக்குத் தோன்றியது. படிவமும் கெடாது. கதவருகே போய் நின்று, "அக்கா, உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்" என்றேன்.

கத்தி நின்றது.

"என்னையோ? நான் என்ன பிழை விட்டனான் பிள்ளை, நீர் என்னைப் பேசுறதுக்கு?"

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த அண்ணை உரக்கச் சிரித்தார். "பேசும் பிள்ளை, பேசும்! கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் பேச்சு வாங்குறன். ஒருக்கா அவவும் வாங்கட்டும்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. "பிள்ளை, இஞ்ச பேசுறதெண்டா ஏசுறது. வாயில வந்தபடி திட்டுறது. சும்மா இருந்து சொல்லுறது கதைக்கிறது. உங்கட ஊரில?"

"நீங்கள் கதைப்பது என்பதைத்தான் எங்கள் ஊரில் பேசுவது என்போம்."

"அப்ப கதைக்கிறதெண்டா?"

"இல்லாததைச் சொல்வது."

"நல்ல ஊர்" என்றார் அண்ணை.

மகளின் முகம் கண்முன் வந்து நின்றது. எல்லாருக்கும் முன்னால அம்மா என்னைப் பேசினவா. அம்மா பேசினால் நல்லதுதானே? உங்களுக்கு அது வேண்டும். நான் சொன்னது என்ன, அவள் காதில் விழுந்தது என்ன! அதோடு போகவில்லை. இத்தனை வாரங்களாக எத்தனை பெண்கள் "அங்க நல்லாப் பேசினவை" என்று சொல்லியிருந்தார்கள்! பிந்தி வந்ததற்காக, துணையில்லாமல் வந்ததற்காக, படகுக்காரர் முதல் வாசற்காவலர்வரை யார் யாரோ தங்களைப் பேசியதாகச் சொன்னார்கள். தீவுத் தாய்மாரிடம் வழியெங்கும் எல்லாரும் அன்பாக உரையாடுகிறார்கள் என்று நான் நெறியாளருக்கு எழுதிவிட்டிருந்தேன். அதைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம், தாள்தானே. நெடுந்தீவில் கதவைச் சாத்திக்கொண்டவளிடம் திருத்திச் சொல்வதற்கு அன்றைய படகு ஒன்றுதான் இருந்தது.

அவள் எண்ணுக்கு அழைத்தேன். கணவர் எடுத்தார். "படுத்திருக்கிறா."

குசினிக்குத் திரும்பினேன். ஆய்வாளர் கேட்க வேண்டும், குறுக்கிடக் கூடாது என்பது எனக்குக் கற்பிக்கப்பட்ட பாடம். கேட்டதைத் தவறாகக் கேட்டு, அந்தத் தவற்றையே ஆறுதலாகவும் சொல்லிவிட்டு வந்தபின் அந்தப் பாடம் எவ்வளவு தூரம் செல்லும் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் சொன்னதில் ஒரு சொல்லையும் சொல்லாமல் இவ்வளவு மட்டும் சொன்னேன்:

"அக்கா, இன்றைக்கே நீங்களே போய் அழைத்து வாருங்கள். நானும் வருகிறேன். எனக்கும் அவரிடம் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று. அங்கே போய்ப் பேசாதீர்கள்."

அக்கா என்னை நெடுநேரம் பார்த்தார். "அவள் சொன்னவளோ?" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டார். மீனை மூடி வைத்துவிட்டுக் கைகழுவிச் சேலை மாற்றப் போனார்.

அன்று குறிகட்டுவான்வரை அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படகிலும் சொல்லவில்லை. கடல் அவரை அச்சுறுத்துகிறது போலும் என்று எண்ணினேன். கடல்தொழில் வீட்டுப் பெண்ணைக் கடல் அச்சுறுத்துமா என்று எண்ணிப் பார்க்க, குமட்டலில் எனக்கு அப்போது தலை நிமிரவில்லை.

நெடுந்தீவு வீட்டில் மகள் வாசலில் வந்து நின்றாள். அக்கா உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தார். பேரன் ஓடிவந்து மடியில் ஏறினான். அவனை அணைத்துக்கொண்டார். மாமியார் தேநீர் கொண்டுவந்தார்; தலையசைத்து வாங்கிக்கொண்டார். மகள் என்னைக் கிணற்றடிக்கு அழைத்தாள். அழைத்தாள் என்பதைவிட, விசாரிக்கக் கூட்டிப் போனாள் என்பதே பொருந்தும்.

"என்னெண்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தனீர்? நான் சொன்னதைச் சொல்லிப்போட்டீரோ?"

"இல்லை. அதற்கு முன் ஒன்று கேளுங்கள்" என்று என் ஊரில் பேசுவது என்றால் என்னவென்று சொன்னேன். நேற்று நான் கேட்டதென்ன, அதற்கு நான் சொன்னதென்ன என்பதையும் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை மறுகையால் தாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப நான் வாட்டில அம்மாவிட்டக் கதை கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தனானோ?"

"அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன்."

"ஐயோ, அதை அழியும்!" என்று கண்ணைத் துடைத்தாள். பிறகு வீட்டுப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "அம்மா ஏன் வாயே திறக்கேல்லை?"

"தெரியவில்லை."

"இந்த முறை பேசமாட்டாவோ?"

"அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? அவரைத்தான் கேட்க வேண்டும்."

வாசலில் மருமகன் குரல் கேட்டது. காற்றுக் கூடுவதால் படகு நேரத்துக்கு முன்பே புறப்படுகிறதாம். போவதென்றால் இப்போதே போக வேண்டுமாம். மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று தாயைப் பார்த்தாள். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் பேரன் அவர் கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். சற்றுப் பொறுத்து மகள் உள்ளே போய் அலுமாரியைத் திறக்கும் ஓசை கேட்டது.

படகில் அவளை நடுவில் இருத்தினார்கள். அக்கா ஒரு பக்கம், மருமகன் பிள்ளையோடு மறுபக்கம், எதிரே நான். நெடுந்தீவு பின்னால் தாழ்ந்து போயிற்று. அலைகள் பக்கவாட்டில் வந்து அறைந்தன. மகள் தாயின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தபடியே வந்தாள். முதலில் அவள் தோள் தளர்ந்திருந்தது. பிறகு மெல்ல மெல்ல இறுகியது. கடைசியில் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, உங்களுக்கு என்ன செய்யுது? சுகமில்லையோ?"

அக்கா தலையசைத்தார்.

"என்னோட கோவமோ?"

இல்லையென்று தலையசைத்தார். கண் நிறைந்திருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். "அக்கா, என்ன ஆயிற்று?"

அக்கா என் பக்கம் திரும்பினார். அந்தக் காலை முழுவதும் அடக்கி வைத்திருந்த குரல் உடைந்து வந்தது. "நீர்தானே பேசாதேங்கோ எண்டனீர்! உங்கட பேச்சோ எங்கட பேச்சோ எண்டு எனக்குத் தெரியேல்லை. உம்மட்டக் கேட்பம் எண்டா அதுவும் பேச்சாப் போமோ எண்டு பயம். அதுதான் இரண்டையும் விட்டிட்டன். பிள்ளை படகில ஏறினாப் போதும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு வாறன்."

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. ஈரக்கையால் தாயின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசினாலும் பரவாயில்லை, கதையுங்கோ அம்மா" என்றாள். "நீங்கள் இப்பிடி இருக்கப் பயமாக் கிடக்கு."

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். மகளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "இந்தக் காத்துக்க தலைக்கு ஒண்டும் போடாமல் வந்து நிக்கிறாய்" என்று தொடங்கினார். "காலைப் பார், பூசினிக்காய் மாதிரி. உப்புக் குறைச்சுச் சாப்பிடு எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இவருக்கும் சொன்னனான். என்ன தம்பி, சொன்னனானோ இல்லையோ?" மருமகன் "ஓம் மாமி" என்றார். அக்கா தன் சேலைத் தலைப்பை இழுத்து மகளின் தலையைச் சுற்றிப் போர்த்தினார். சொல்லிக்கொண்டே போர்த்தினார், போர்த்திய பின்னும் சொன்னார். மகள் அந்தத் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

குறிகட்டுவானில் இறங்கும்போதும் அது ஓயவில்லை. பலகையைச் சரியாகப் போடாத படகுக்காரருக்கு ஒரு பங்கு, பையை நனைத்த மருமகனுக்கு ஒரு பங்கு, கைகொடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு பங்கு. பேருந்தில் முன்னிருக்கை நிறைந்திருந்தது. "பிள்ளைத்தாச்சி வாறாள், எழும்புங்கோ!" என்று அக்கா வாசலில் நின்று போட்ட சத்தத்தில் மூவர் எழுந்துவிட்டார்கள். மகள் சன்னலோரம் உட்கார்ந்து, காலை நீட்டி, தாய்க்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினாள்.